அம்மாவுக்குக் கால் மரத்துப் போகிறது. ஷூ ஒட்டும் சொல்யூஷன் காரணமாக இருக்குமா?

பாலாற்றுப்பெண் (நவம்பர் 24)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கெமிக்கல் தெரிந்தவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 46 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ யூனிட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறார். கம்பெனி பெயர் வேண்டாம். முதலில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷமாகப் பேஸ்டிங் டேபிள், அதாவது சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஷிப்மென்ட் நேரத்தில் இரவு எட்டு வரைக்கும் பிரஷ்ஷும் கையும்தான்.

போன மாதம் மழை விட்டிருந்த ஒரு காலையில் அம்மா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. "செருப்பு எங்கம்மா?" என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். அது குழாயடியிலேயே கழன்று கிடந்தது. நாற்பது அடி தூரம் ஜல்லிக்கல் மேல் வெறுங்காலோடு நடந்து வந்தது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அங்கேயே பகீரென்றது.

அப்புறம் துருவித் துருவிக் கேட்டதில் ஆடி மாதத்திலிருந்தே கால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். இப்போது முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்டது போல மதமதவென்று இருக்கிறதாம். கை விரலிலும் ஆரம்பித்துவிட்டது. பூ கட்டும்போது நார் நழுவுகிறது. உடம்பும் இளைத்திருக்கிறார்.

பக்கத்து கிளினிக்கில் முதலில் சர்க்கரை என்றார்கள். டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை இல்லை. வைட்டமின் குறைவு என்று பத்து ஊசி போட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

என் சந்தேகம் இதுதான். போன சித்திரையில் அவர்கள் டேபிளில் சொல்யூஷன் மாறியது. பழைய சொல்யூஷன் திறந்ததும் குப்பென்று அடிக்கும், சாயந்திரம் தலைவலி வரும். புதியதில் வாசனை குறைவு, பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல லேசாக. சீக்கிரம் காய்கிறது. தலைவலியும் இல்லை என்று எல்லோருக்கும் பிடித்துப் போனது. அம்மாவுக்கு எதிரே உட்காரும் அக்காவுக்கும் இப்போது விரல் மரக்கிறதாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நெருக்கும்போது இன்சோல் ஒட்டுவதை அம்மா வீட்டுக்கும் எடுத்து வருவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீடு ஒரே அறைதான். அக்காவின் குழந்தை அங்கேதான் தூங்கும்.

சொல்யூஷனால் நரம்பு கெடுமா? எந்த டாக்டரைப் பார்ப்பது? வேலையை விடச் சொல்லவும் பயமாக இருக்கிறது, அம்மா சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. இஎஸ்ஐ கார்டு இருக்கிறது.

---

கோவை_நரம்புலேப் (நவம்பர் 24)

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. நரம்பியல் பிரிவில் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுக்கும் டெக்னீஷியன், பதினாறு வருஷமாக இதே வேலை. நீங்கள் எழுதியிருப்பது போன்ற கால்களை என் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறி, அப்புறம் கைக்கு வருவது நரம்பு நோய்தான். நீளமான நரம்பு முதலில் அடிபடும், அதனால்தான் கால் முந்திக்கொள்கிறது. சர்க்கரையிலும் இப்படி வரும், பி12 குறைந்தாலும் வரும், குடியாலும் வரும். அதனால் சர்க்கரை இல்லை என்றதும் அடுத்து வைட்டமின் என்று போவதில் தவறில்லை. ஆனால் "என்ன வேலை செய்கிறீர்கள், கையில் என்ன படுகிறது" என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: பசையில் வேலை, இன்ன மாதம் பசை மாறியது, இன்ன மாதம் மரக்க ஆரம்பித்தது. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தத் தாள் பத்து ரத்தப் பரிசோதனைக்குச் சமம்.

பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம். கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்போம். நல்ல காலில் விநாடிக்கு 40 மீட்டருக்கு மேல் இருக்கும். பல்லி விழுந்தது போல ஒரு துடிப்பு, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. காலில் எண்ணெய் மட்டும் தடவாமல் வரச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு வேலூர் பக்கம். சிஎம்சியில் நரம்பியல் இருக்கிறது. இஎஸ்ஐ மருந்தகத்தில் நரம்பியல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். சீட்டில் 'பசை, கரைப்பான் தொழிலாளி' என்று எழுதச் சொல்லுங்கள்.

யாராவது 'கில்லன் பாரே' (நரம்பைத் தாக்கும் இன்னொரு நோய்) என்று சொன்னால், அது நாள் கணக்கில், அதிகம் போனால் நாலு வாரத்தில் முற்றும் என்பதை நினைவில் வையுங்கள். அம்மாவுடையது மாதக் கணக்கில் வந்திருக்கிறது.

---

பழைய பேஸ்டிங்காரன் (நவம்பர் 25)

அம்மா, உங்கள் பதிவை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தார் என்ற இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. எனக்கு இப்போது 61 வயது. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று முப்பது வருஷம் ஷூ லைனில் இருந்தவன். கடைசியில் பேஸ்டிங் சூப்பர்வைசர். எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு சின்ன ஜாப்வொர்க் யூனிட்டில் இருந்தேன். ரப்பர் சொல்யூஷனை நாங்களே தயார் செய்வோம். கிரேப் ரப்பர் ஷீட்டைக் கத்தியால் நறுக்கி, டிரம்மில் போட்டு, மேலே சால்வென்ட் (கரைப்பான்) ஊற்றி, ஒரு ராத்திரி ஊற வைப்போம். காலையில் கட்டையால் கிண்டினால் தேன் பதத்துக்கு வந்துவிடும். அப்போது ஊற்றியது டொலுவீன். கண் எரியும், தலை சுற்றும். அதனால் ஜன்னலைத் திறந்து வைப்போம். அந்த எரிச்சல்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று பிற்பாடுதான் புரிந்தது.

ஒரு நாள் வேறு டிரம் வந்தது. 200 லிட்டர். விலை குறைவு, எண்ணெய் ஆலைக்குப் போகும் சரக்கு என்றார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. வாசனை மெல்லிசு. உள்ளங்கையில் ஊற்றினால் ஜில்லென்று இருந்து நொடியில் காணாமல் போகும். டிரம்மை இறக்கிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஹெக்ஸேன் என்று பேர் எழுதியிருந்தது. பேர் தெரிந்ததே தவிர, அது என்ன செய்யும் என்று எனக்குச் சொல்வார் யாருமில்லை.

தலைவலி நின்றது. வேலை வேகமாகப் போனது. மார்கழிக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டோம், தூசி விழுந்தால் ஒட்டு நிற்காது என்று வேறு ஒரு சாக்கு. ஷிப்மென்ட்டுக்காகப் பன்னிரண்டு மணி நேரம். ஐந்தாறு மாதத்தில் எனக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பொத்தான் விரலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வேலை செய்த பையன் ஒருவன் படியேறும்போது பாதம் தூக்காமல் தட்டித் தட்டி விழுந்தான். குடித்துவிட்டு வருகிறான் என்று நாங்களே பேசினோம். அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அந்தப் பேச்சு இன்றும் என்னை உறுத்துகிறது.

எனக்கும் சர்க்கரை என்றார்கள், வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர், என் கால்களைத் தொடுவதற்கு முன்பே, "என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். "என்னத்தில் கரைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்றோடு நிறுத்துங்கள்" என்றார்.

உங்கள் அம்மாவின் டப்பாவில் இருப்பது ஹெக்ஸேன்தான் என்று இங்கிருந்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வாசனை குறைவு, சீக்கிரம் காய்வது, தலைவலி இல்லாதது, ஆறு மாதத்தில் கால், எதிரே இருப்பவருக்கும் விரல் என்று நீங்கள் எழுதியதெல்லாம் என் டிரம்மின் கதை. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நான்கு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சப்ளையரிடம் எம்எஸ்டிஎஸ் என்று ஒரு தாள் இருக்கும். அதில் மூன்றாவது பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும். 110-54-3 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் என்-ஹெக்ஸேன். பெயரை எப்படி மாற்றி எழுதினாலும் அந்த எண் மாறாது.

சரி, இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் சொல்யூஷன் டப்பாவை இப்போதே மூடி, வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். நாளையே யூனிட்டில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இந்த ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். மேலே போகாது. தரையில் படிந்து, பாய் போட்டுப் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு மட்டத்தில்தான் நிற்கும். அதே அறையில் அடுப்பும் எரிகிறது என்றால் வேறு சொல்ல வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் சரக்கு இது.

ஜப்பானில் 1960களில் செருப்பு ஒட்டியவர்களும் இப்படி வீட்டில் வைத்துச் செய்தவர்கள்தான். அதற்கு முன்பு அங்கே பென்சீன் பசை இருந்தது. அது ரத்தத்தைக் கெடுத்து உயிரை வாங்கியதால் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்தது ஹெக்ஸேன். கை கால் விழுந்தது. இத்தாலியில் ஷூ தொழிலாளிகளுக்கும் அதே கதி. நம் காலத்திலேயே, 2009இல் சீனாவின் சூசோவ் நகரத்தில் விண்டெக் என்ற ஆலையில், ஆப்பிள் நிறுவனத்துக்குத் தொடுதிரை செய்யும் இடத்தில், திரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் இதைக் கொடுத்தார்கள். காரணம், சீக்கிரம் காயும். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்த விஷயம், ஒவ்வொரு டேபிளுக்கும் புதிதாக வந்து சேர்கிறது. அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அம்மா திரும்ப அந்த டேபிளுக்குப் போகக் கூடாது. கட்டிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆவி வராத வேலை கேளுங்கள். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்கிறேன், கொரோனா மாஸ்க் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். அது தூசிக்கு. ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். கரித்தூள் அடைத்த வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும், அதையும் நாள்பட மாற்ற வேண்டும். சீலிங் ஃபேனால் பயனில்லை, கீழே படிந்ததைக் கிளப்பி எல்லோர் முகத்திலும் அடிக்கும். டேபிள் மட்டத்தில் பின்பக்கமாக உறிஞ்சும் குழாய் வைத்தால்தான் உண்டு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் சிலவற்றில் தண்ணீரில் கரைந்த பசைக்கே மாறிவிட்டார்கள். காய வைக்கச் சூட்டு டனல் வேண்டும், நேரம் அதிகம், அதனால் சின்ன யூனிட்காரர்கள் தயங்குகிறார்கள். ஆனால் முடியாத காரியம் இல்லை.

எதிரே உட்காரும் அக்காவையும் கூட்டிப் போங்கள். ஒருவர் போய் நின்றால் வியாதி என்பார்கள். இரண்டு பேர் போனால் டேபிளைப் பற்றிக் கேட்பார்கள்.

---

தவிட்டெண்ணெய்க்காரன் (நவம்பர் 25)

ஐயா எழுதிய 'எண்ணெய் ஆலைக்குப் போகும் சரக்கு' பற்றி ஒரு வார்த்தை. நான் சால்வென்ட் பிளான்ட்டில் கெமிஸ்ட். தவிட்டிலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் எண்ணெய் எடுப்பது இதே ஹெக்ஸேனை வைத்துத்தான். செக்கிலும் எக்ஸ்பெல்லரிலும் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் எண்ணெய் நிற்கும். ஹெக்ஸேன் ஊற்றினால் ஒரு சதவீதம்தான் மிஞ்சும், அந்த அளவுக்கு வழித்தெடுத்துவிடும். 69 டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்பதால் எண்ணெயைக் கெடுக்காமல் பிரித்து, குளிரவைத்து, அதையே திரும்பப் பயன்படுத்துகிறோம். எல்லாம் மூடிய குழாய்க்குள் நடக்கும். எங்கள் பிளான்ட்டில் பீடி வேண்டாம், செல்போன் வேண்டாம், ஆணி அடித்த செருப்பு வேண்டாம். அதே சரக்கைத் திறந்த டப்பாவில் ஊற்றி ஒருவர் மூக்குக்குக் கீழே வைப்பது என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெருப்பு விஷயத்தில் ஐயா சொன்னது மிகை இல்லை. 1981 பிப்ரவரி 13 விடியற்காலையில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், ஒரு சோயா ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்ஸேன் ஆவி, மேலே போன ஒரு காரின் பொறியில் பற்றி வெடித்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் சாக்கடைக் குழாய் நாசமானது, தெருவே பிளந்துகொண்டது. நல்ல வேளை, உயிர் போகவில்லை.

ஏன் இது மட்டும் நரம்பைத் தின்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஹெக்ஸேனில் ஆறு கார்பன். கல்லீரல் அதை வெளியேற்றுவதற்காக மாற்றும்போது 2,5-ஹெக்ஸேன்டயோன் என்ற பொருளாகிறது. அதில் இரண்டு ஆக்சிஜன்களும் நிற்கும் இடைவெளி, நரம்புக்குள் இருக்கும் புரத இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட அளவெடுத்தது போல அமைந்துவிடுகிறது. முடிந்த இழைகள் நகராமல் அங்கங்கே தேங்கி, நரம்பு வீங்குகிறது. ஏழு கார்பன் உள்ள ஹெப்டேனுக்கு இந்தக் குணம் அநேகமாக இல்லை. காய்வது கொஞ்சம் மெதுவாக இருக்கும், விலை கூட இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று: எம்இகே என்ற கரைப்பானும் பசையில் கலப்பார்கள். தனியாக அது நரம்பைத் தொடாது, ஹெக்ஸேனோடு சேர்ந்தால் அதன் விஷத்தைக் கூட்டிவிடும். எம்எஸ்டிஎஸ் பார்க்கும்போது அதையும் பாருங்கள்.

சமையல் எண்ணெயில் இது தங்குமா என்று யாராவது கேட்பீர்கள். சுத்திகரித்த எண்ணெயில் 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது நம் உணவுச் சட்டம். தட்டில் வரும் அந்தத் துளியும் பேஸ்டிங் டேபிளில் வருவதும் ஒன்றல்ல. இந்தப் பதிவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

---

பாலாற்றுப்பெண் (நவம்பர் 28)

எல்லோருக்கும் நன்றி. டப்பா அன்று ராத்திரியே மொட்டை மாடிக்குப் போய், மறுநாள் யூனிட்டுக்குத் திரும்பிவிட்டது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள், போகட்டும்.

சீட்டில் பிராண்டு பெயரும் நெருப்புப் படமும் மட்டும்தான். எம்எஸ்டிஎஸ் கேட்டதற்கு, உனக்கு எதற்கு என்றார்கள். ஆனால் பிராண்டு பெயரை வைத்து நெட்டில் தேடியதில் அதே தயாரிப்பின் தாள் கிடைத்தது. மூன்றாவது பகுதியில் 110-54-3 இருக்கிறது. எம்இகேயும் இருக்கிறது.

ஐயா, அம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். பொத்தான் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் ஜாக்கெட் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை.

சிறுநீரில் டெஸ்ட் இருக்கிறது என்று படித்தேன். எடுக்கலாமா?

---

கோவை_நரம்புலேப் (நவம்பர் 28)

இருக்கிறது, அந்த 2,5-ஹெக்ஸேன்டயோனைத்தான் பார்ப்பார்கள். எல்லா லேபிலும் கிடையாது. ஆனால் அது சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். வாரக் கடைசியில், வேலை முடிந்த கையோடு எடுத்தால்தான் அர்த்தம். அம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் ஆன பிறகு எடுத்து, நார்மல் என்று வந்தால், அதைக் காட்டியே காரணம் பசை இல்லை என்பார்கள். அதனால் அம்மாவுக்கு வேண்டாம். இன்னும் வேலைக்குப் போகிற அக்காவுக்கு எடுங்கள்.

---

பாலாற்றுப்பெண் (ஜனவரி 19)

மறுபடியும் தொந்தரவு செய்கிறேன். நரம்புப் பரிசோதனை எடுத்தோம். கால் நரம்பு விநாடிக்கு 31 மீட்டர். டாக்டர் பசையின் கரைப்பானால் வந்த நரம்பு நோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நவம்பர் கடைசியிலிருந்தே அம்மா அந்த டேபிளுக்குப் போகவில்லை.

ஆனால் போகாமல் இருந்தும் மோசமாகிறது. பொங்கலன்று பானையைத் தூக்க முடியவில்லை. நடக்கும்போது பாதம் தொங்குகிறது. வேலையை விட்டதும் சரியாகும் என்றுதானே நினைத்தோம்? மாமா வந்து, டாக்டர் சொன்னது தப்பு, சும்மா வீட்டில் உட்கார்ந்ததால் கால் இறுகிவிட்டது, திரும்ப வேலைக்கு அனுப்பு என்கிறார். அம்மாவும் அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

பழைய பேஸ்டிங்காரன் (ஜனவரி 19)

அனுப்பாதீர்கள். இப்போது எழுந்து உட்கார்ந்து உடனே எழுதுகிறேன். அனுப்பாதீர்கள்.

இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தப்பு. இந்த வியாதியின் குணமே இது. விஷம் நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் வரைக்கும் இறங்கிக்கொண்டேதான் போகும். மேட்டில் இஞ்சினை அணைத்த லாரி தானாகக் கொஞ்ச தூரம் உருளுவது போல. நரம்பில் ஏற்கெனவே போட்ட முடிச்சு அப்புறம்தான் தன் வேலையைக் காட்டும். எனக்கும் வேலையை விட்ட பிறகுதான் கைத்தடி வந்தது. என் வீட்டிலும் இதே பேச்சு. "வேலைக்குப் போனபோது நடந்தான், உட்கார்ந்ததும் விழுந்துவிட்டான்" என்று என் தகப்பனாரே சொன்னார். நானும் நம்பித் திரும்பப் போக இருந்தேன். அந்த வேலூர் டாக்டர், மோசமாகும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை என் மனைவி எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தாள். அதனால்தான் நின்றேன்.

ஏழாவது மாதம் கட்டைவிரல் அசைந்தது. பதினாலாவது மாதம் வேலைக்குப் போனேன், கட்டிங் டிபார்ட்மென்ட்டுக்கு. இன்றைக்கும் இடது சுண்டுவிரல் மதமதப்புதான். ஆனால் எழுதுகிறேன், நடக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். மாமாவிடம் என் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், நானே பேசுகிறேன்.

---

கோவை_நரம்புலேப் (ஜனவரி 20)

ஐயா சொன்னது முழுக்கச் சரி. டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதம் தொங்குவதற்குப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி கிடைக்கும், பிசியோதெரபியில் அளவெடுத்துக் கொடுப்பார்கள். அது இல்லாமல் நடந்து, விழுந்து எலும்பை உடைத்துக்கொள்ள வேண்டாம். மரத்த காலில் கொதிநீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், வெந்தாலும் தெரியாது. தினமும் படுக்கும் முன்பு உள்ளங்காலை நீங்களே பாருங்கள், முள்ளோ கண்ணாடியோ குத்தியிருக்கலாம்.

இஎஸ்ஐயில் வேலையால் வந்த நோய் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். சாதாரணச் சீக்கு என்று எழுதிவிட்டால் விடுப்புப் பணம் ஒரு மாதிரி, வேலையால் வந்தது என்றால் வேறு மாதிரி.

---

பாலாற்றுப்பெண் (ஆகஸ்ட் 9)

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா மாமாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு மாமாதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறார்.

பிப்ரவரி கடைசி வரைக்கும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பங்குனியில் அப்படியே நின்றது. வைகாசியிலிருந்து மெல்லத் திரும்புகிறது. போன வாரம் எடுத்த பரிசோதனையில் 37 மீட்டர். தாங்கி இப்போது வெளியே போகும்போது மட்டும்தான். நேற்றுக் குழாயடிக்கு ஹவாய் செருப்பு போட்டுக்கொண்டு போனார். பாதி வழியில் ஒன்று கழன்றது. நின்று, திரும்பி, தானே காலை விட்டு மாட்டிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூ இன்னும் கட்ட வரவில்லை.

எதிர் டேபிள் அக்காவுக்குச் சிறுநீரில் அதிகம் வந்தது. அவரையும் மாற்றிவிட்டார்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பேஸ்டிங் டேபிளுக்குப் பின்னால் உறிஞ்சும் குழாய் வைத்திருக்கிறார்கள். பசை இன்னும் அதே பசைதான். ஹெப்டேன் சரக்குக்கு விலை கேட்டிருக்கிறோம் என்கிறார்கள். இஎஸ்ஐ பதிவு நடந்துகொண்டிருக்கிறது, இரண்டு முறை தாளைத் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை கொடுத்திருக்கிறோம்.

தவிட்டெண்ணெய்க்காரர் அண்ணா, ஒரு உதவி. பக்கத்து ஊரிலிருந்து நான்கு பேர் தங்கள் யூனிட் டப்பாக்களின் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். இரண்டின் தாள் நெட்டில் கிடைக்கவில்லை. இன்று இரவு இங்கே போடுகிறேன், என்ன கலந்திருக்கும் என்று பார்த்துச் சொல்கிறீர்களா?

---

தவிட்டெண்ணெய்க்காரன் (ஆகஸ்ட் 9)

போடுங்கள். பேட்ச் நம்பரும் தயாரித்த தேதியும் தெரியும்படி. சப்ளையருக்கு நானே ஃபோன் போட்டுக் கேட்கிறேன்.